ஒரு முகத்தைச் செதுக்க: புள்ளியா, கோடா, லேசரா?

3018 வகைச் சிறிய சிஎன்சி (கணினி சொல்லும் பாதையில் வெட்டும் இயந்திரம்) ஒன்றை வாங்கி, பெயர்ப்பலகை, கீசெயின், பிசிபி என்னும் மின்சுற்றுப் பலகை என்று வெட்டிப் பழகியவர்கள் அடுத்துக் கைவைப்பது பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில்தான். தாத்தா படமோ, குழந்தை படமோ. ஆனால் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. வெட்டிய இடம், வெட்டாத இடம், அவ்வளவுதான். அச்சுத்தொழிலும் ஒரு காலத்தில் இதே இக்கட்டில்தான் இருந்தது. கையில் இருப்பது கறுப்பு மை ஒன்றுதான். படத்திலோ நூறு விதச் சாம்பல். புள்ளிகளின் அளவைக் கூட்டிக் குறைத்து, தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணிலேயே சாம்பலை உண்டாக்கும் ஹாஃப்டோன் அப்படிப் பிறந்தது. ஜெர்மனியின் கேயார்க் மைசன்பாக் 1882-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கல்கத்தாவில் சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1890-களில் சொந்தமாக பிளாக் (படத்தை அச்சிடும் தகடு) தயாரிக்கத் தொடங்கி, இதன் கணக்கை ஆராய்ந்து லண்டன் அச்சுத்தொழில் ஆண்டுமலருக்குக் கட்டுரைகள் எழுதியனுப்பினார். அவர் மண்டையைக் குடைந்துகொண்ட கேள்விகளில் பாதி, இன்று வி-பிட் என்னும் வெட்டுமுனையை மாட்டிக்கொண்டு உட்காரும் நமக்கும் உண்டு.

அளவு மட்டும் வேறு. செய்தித்தாளில் ஓர் அங்குலத்துக்கு 85 கோடு என்பது வழக்கமான திரை. அதாவது புள்ளிக்குப் புள்ளி 0.3 மி.மீ. வீட்டுச் சிஎன்சியில் 2 மி.மீ. இடைவெளி வைத்தாலே ஓரளவு நுணுக்கமான வேலை. மனிதக் கண் பிரித்தறியும் எல்லையைக் கணக்கில் கொண்டால், 2 மி.மீ. இடைவெளிப் புள்ளிகள் முழுதாகக் கரைய ஏழு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். முகம் யாருடையது என்று தெரிய அவ்வளவு தூரம் வேண்டாம். இரண்டு மூன்று மீட்டர் போதும். ஆகவே மேசைமேல் வைக்கும் படமா, கூடத்துச் சுவரில் தொங்கப்போகும் படமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட வசதியாக ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். 3018-இன் வேலைப்பரப்பு 300×180 மி.மீ. அதில் 180×180 மி.மீ. சதுரத்தில் ஒரு முகம், 2 மி.மீ. இடைவெளி. குறுக்கே 90 கட்டம், நெடுக்கே 90 கட்டம். முகம் சட்டத்தை நிறைத்தால் ஒரு கண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டம் கிடைக்கும். அது போதும். தோளும் பின்னணி மரமும் சேர்ந்த படம் என்றால் கண்ணுக்கு மூன்று கட்டம்தான் மிஞ்சும். எந்த முறையும் அதைக் காப்பாற்றாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3018 போன்ற இயந்திரத்துக்குக் கோடுதான். கனமான சட்டமும் வேகமான இசட் அச்சும் (பிட்டை மேலும் கீழும் நகர்த்துவது) உள்ள இயந்திரத்தில், தூரத்திலிருந்து பார்க்கும் பெரிய பலகைக்குப் புள்ளி. கையில் எடுத்துப் பார்க்கும் மரத்துண்டுக்கு லேசர். திரையில் எது அழகாகத் தெரிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம். நான் பார்ப்பது இசட் அச்சை. அது எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும், பலகை அதற்கு எவ்வளவு சமமாகக் கிடக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதித் தீர்மானம் முடிந்துவிடும்.

புள்ளி

கூம்பு முனையுள்ள வி-பிட் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் செங்குத்தாக இறங்கி ஏறும். ஆழமாக இறங்கினால் பெரிய புள்ளி, மேலோட்டமாக இறங்கினால் சிறிய புள்ளி. 90° பிட் என்றால் விட்டம் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு. 60° என்றால் 1.155 மடங்கு. 30° என்றால் 0.54 மடங்கு. முனை கூர்மையாக இல்லாமல் 0.1 அல்லது 0.2 மி.மீ. தட்டையாக இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மலிவான பிட்டுகளின் உறையில் எழுதியிருக்கும் கோணம் முழுக் கோணமா, பாதிக் கோணமா என்பது விற்கிறவருக்கே தெரியாது. 1 மி.மீ. ஆழத்தில் ஒரு கோடு போட்டு, அதன் அகலத்தை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

நம் சதுரத்தில் 90×90, மொத்தம் 8,100 புள்ளி. இறக்கம், ஏற்றம், அடுத்த இடத்துக்கு நகர்வு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 0.8 விநாடி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 108 நிமிடம். 3018-இன் இசட் அச்சு திருகுத்தண்டில் ஓடுவது. வேகம் காட்டச் சொன்னால் ஸ்டெப்பர் மோட்டார் படி தவறவிடும். அதனால் நடைமுறையில் நேரம் இன்னும் நீளும். இரண்டு மணி நேரமும் மரங்கொத்தி போல ஒரே தட்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இத்தனை மெதுவான முறைக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியும் கீழ்நோக்கிய நகர்வில்தான் முடிகிறது. எனவே திருகிலும் நட்டிலும் உள்ள தளர்ச்சி, அதாவது பேக்லாஷ், எல்லாப் புள்ளிக்கும் ஒரே மாதிரிதான். ஒரே மாதிரியான பிழை கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ் அச்சின் தளர்ச்சியும் அப்படியே: எல்லா வரிசையையும் இடமிருந்து வலமாகவே போடச் சொன்னால் பிழை ஒரே பக்கம் ஒதுங்கிவிடும். திரும்பி வருவது வெறும் நகர்வுதான், வெட்டு இல்லை. அதில் சில நிமிடம்தான் கூடும். தேய்ந்த இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பாதகம், புள்ளிகளின் வடிவக்கணக்கில் இருக்கிறது. சதுரக் கட்டத்தில் வட்டங்கள் ஒன்றையொன்று தொடும்போது நிரம்பியிருப்பது 78.5% பரப்பு. மீதி 21.5% வெட்டப்படாமலே நிற்கும். கறுப்புப் பலகையில் வெள்ளை தெரிய வெட்டுகிறீர்கள் என்றால், நெற்றி, மூக்குத்தண்டு போன்ற மிகப் பளிச்சென்ற இடங்கள் அந்த 78.5 சதவீதத்தைத் தாண்டாது. வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டால் நடுவில் மிஞ்சும் நான்முனைச் சில்லுகள் உதிரும், அல்லது பாதி உதிர்ந்து பாதி நின்று அசிங்கமாகும். தேன்கூட்டு அடுக்கில் வரிசைகளை அரைக் கட்டம் தள்ளி வைத்தால் 90.7% வரை போகலாம். மென்பொருள் இடம் கொடுத்தால் அதையே எடுங்கள். 45° சாய்த்த சதுர அடுக்கு கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது அச்சுக்காரர்களின் பழைய பாடம். ஆனால் சாய்த்தாலும் சதுரம் சதுரம்தான், 78.5 மாறாது.

கோடு

இதில் பிட் பலகையை விட்டு எழுவதில்லை. ஒரு கோட்டில் ஓடிக்கொண்டே ஆழம் கூடிக் குறைகிறது. கோடு தடித்து மெலிகிறது. 2 மி.மீ. இடைவெளியில் 90 கோடு, ஒவ்வொன்றும் 180 மி.மீ., மொத்தம் 16.2 மீட்டர். நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் 27 நிமிடம். புள்ளிக்கு ஆன நேரத்தில் கால் பங்கு.

இந்த 27 நிமிடம் ஏட்டுக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காதோரக் கருநிழலிலிருந்து கன்னத்தின் வெளிச்சத்துக்குத் தாவும் இடத்தை எண்ணிப் பாருங்கள். 1 மி.மீ. ஓட்டத்துக்குள் கோட்டின் அகலம் 0.4-இலிருந்து 1.6 மி.மீ. ஆக வேண்டும் என்றால், 60° பிட் 1.04 மி.மீ. இறங்கியாக வேண்டும். அதாவது கிடைவேகத்துக்குச் சமமாக இசட்டும் ஓட வேண்டும். இயந்திரத்துக்குள் இருந்து அதை இயக்கும் ஜிஆர்பிஎல் நிரல் எந்த அச்சையும் அதற்கு விதித்த வேகத்துக்கும் முடுக்கத்துக்கும் மேல் ஓடவிடாது. இசட்டால் முடியாதபோது முழு ஓட்டத்தையும் தானே இழுத்துப் பிடிக்கும். ஆகவே படத்தில் கூர்மையான விளிம்புகள் அதிகம் இருந்தால் 27 நிமிடம் நாற்பதைத் தொடும். படம் கெடாது, நேரம்தான் போகும். 90° பிட்டில் அதே மாற்றத்துக்கு 0.6 மி.மீ. இறங்கினால் போதும் என்பதால் இசட்டுக்குச் சுமை குறைவு. இதற்கு வேறொரு விலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கோட்டில் நுணுக்கம் ஒரு திசையில்தான் கிடைக்கும். கோட்டின் நீளவாக்கில் ஒவ்வோர் அரை மி.மீ.க்கும் அகலத்தை மாற்றலாம். குறுக்குவாக்கில் 2 மி.மீ. இடைவெளியைத் தாண்டி எதுவும் தெரியாது. கிடைக்கோடுகள் போட்டால் மூக்கின் பக்கவிளிம்பு நன்றாக வரும். இமையும் உதட்டுக்கோடும் காணாமல் போகும். நிலைக்கோடுகளில் இது தலைகீழ். முகத்துக்கு 45° சாய்வு பொதுவாக நல்லது. மரத்திலோ பிளைவுட்டிலோ வெட்டும்போது இன்னொரு லாபம்: நார் ஓடும் திசையிலேயே கோடு ஓடினால் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கும் மெல்லிய வரப்பு நாரோடு பிய்ந்து வரும்; சாய்வாக ஓடினால் அது குறையும்.

புள்ளிக்குச் சாதகமாக இருந்த பேக்லாஷ் இங்கே எதிரி. நேரம் மிச்சம் என்று போகும்போது ஒரு கோடு, வரும்போது ஒரு கோடு என்று உழவுசால் போல வெட்டச் சொல்வதே பல மென்பொருள்களில் இயல்பிருப்பு. எக்ஸ் அச்சில் 0.2 மி.மீ. தளர்ச்சி இருந்தால், ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பக்கமும் இரட்டைப்படைக் கோடுகள் மறுபக்கமும் விலகி, கன்னத்தின் ஓரம் சீப்புப் பல்லாகிவிடும். ஒரே திசையில் மட்டும் வெட்டச் சொன்னால் தீர்ந்தது. கோட்டுக்குக் கோடு வெறுங்கையோடு திரும்பி வர வேண்டும், அதற்கான கூடுதல் நேரத்தைக் கொடுத்துவிடலாம். இதைச் செய்யாமல் "கோட்டு முறை மங்கலாக வருகிறது" என்று கைவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

நேர்கோட்டுக்குப் பதில் ஒரே சுருள் கோடாகவும் போகலாம். பிரெஞ்சுக்காரரான குளோத் மெலான் 1649-இல் செப்புத்தகட்டில் இயேசுவின் முகத்தை ஒரே சுருளில் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கும் கோடு, தடித்து மெலிந்து சுழன்று சுழன்று முகம், முடி, முள்முடி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. கையில் இருந்தது ஓர் உளி மட்டும். சிஎன்சிக்கு இது மிகவும் ஒத்த வடிவம்: பிட் ஒரே ஒரு முறை இறங்கி, ஒரே ஒரு முறை எழும். 180 மி.மீ. வட்டத்தில் 2 மி.மீ. இடைவெளிச் சுருளின் நீளம் ஏறத்தாழ 12.7 மீட்டர். ஆனால் சுருளின் மையம் எங்கே விழுகிறதோ அங்கே கண் ஒட்டிக்கொள்ளும். அது மூக்கிலோ ஒரு கண்ணிலோ விழும்படி படத்தை வெட்டிக்கொள்ளுங்கள்; நெற்றியில் விழுந்தால் துப்பாக்கிக் குறிவட்டம் மாதிரி ஆகிவிடும்.

பலகை சமமா?

இரண்டு முறைக்கும் பொதுவான சோதனை இதுதான். படம் எவ்வளவு நன்றாகத் தயாரானாலும், பலகையின் ஒரு மூலை 0.2 மி.மீ. உயர்ந்திருந்தால் அங்கே ஒவ்வொரு வெட்டும் 0.2 மி.மீ. கூடுதல் ஆழம். இதை எண்ணாக்கிப் பார்த்தால் பிட்டின் கோணம் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

50% நிறைவு, அதாவது பரப்பில் பாதி வெட்டு, வேண்டிய இடத்தில் கோட்டின் அகலம் 1 மி.மீ. இருக்க வேண்டும். 90° பிட்டில் 0.2 மி.மீ. ஆழப்பிழை வந்தால் அகலம் 1.4 ஆகும்; 50% என்பது 70% ஆகிவிட்டது. 60° பிட்டில் 1.23, அதாவது 61.5%. புள்ளியில் இன்னும் மோசம். 50 சதவீதத்துக்கு விட்டம் 1.6 மி.மீ.; 90° பிட்டின் பிழையோடு அது 2 மி.மீ. ஆகி 78% தொடும், புள்ளிகளே ஒட்டிக்கொள்ளும். 60° பிட்டில் 65.5%. பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் கூடுவதால் புள்ளிக்கு உயரப்பிழையைப் பொறுக்கும் குணம் குறைவு. தேய்ந்த திருகை மன்னிக்கிற முறை, வளைந்த பலகையை மன்னிப்பதில்லை.

அப்படியானால் கூரிய பிட்டாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தடிமன் குறுக்கே நிற்கிறது. கோடுகளுக்கு நடுவே சிறு வரப்பு நிற்க விட்டு, அதிகபட்ச அகலம் 1.8 மி.மீ. என்று வைத்தால், 90° பிட் 0.9 மி.மீ. இறங்கும், 60° பிட் 1.56 மி.மீ. இறங்கும், 30° பிட் 3.4 மி.மீ. இறங்கும். பெயர்ப்பலகைக்கு எடுக்கும் இருநிற ஏபிஎஸ் ஷீட் (மேல்தோல் ஒரு நிறம், உள்ளே வேறு நிறமாக வரும் பிளாஸ்டிக்) பெரும்பாலும் 1.5 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. 60° பிட் அதைத் துளைத்து அடிப்பலகைக்கே போய்விடும். அந்த ஷீட்தான் வேண்டும் என்றால் இடைவெளியை 1.5 மி.மீ. ஆக்குங்கள், அதிகபட்ச அகலம் 1.35, ஆழம் 1.17 மி.மீ., நூலிழையில் தப்பலாம். அல்லது 90° பிட்டைப் போட்டுச் சமதளத்துக்கு உழைக்க வேண்டும். 30° பிட் 1 மி.மீ. இடைவெளி வேலைக்குத்தான், அதுவும் முனை ஒடியாமல் இருந்தால்.

சமதளத்துக்கு முதல் வேலை, அடியில் போட்டிருக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை இயந்திரத்தின் கையாலேயே இழைத்துவிடுவது. அகலமான பிட்டில் 0.3 மி.மீ. முழுப்பரப்பும் சீவினால் அது இயந்திரத்தின் தளத்துக்கு இணையாகிவிடும். அதன்மேல் ஷீட்டை நான்கு மூலையில் மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் நடு வயிறு உப்பும். டபுள் சைடு டேப்பைப் பட்டை பட்டையாக முழுப்பரப்பிலும் ஒட்டுங்கள். இயந்திரத்துக்கு வேலையை அனுப்பும் மென்பொருள்களான கேண்டில், பிசிஎன்சி இரண்டிலும் பரப்பை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு மேடுபள்ளம் அளந்து, ஜி-கோடை (இயந்திரத்துக்கான கட்டளை வரிகளை) திருத்தும் வசதி இருக்கிறது. பிசிபி வெட்டுகிறவர்களுக்கு இது பழக்கம். ஆனால் முனை தொட்டுவிட்டதை இயந்திரம் அறிவது மின்சாரம் ஓடுவதை வைத்துத்தான்; பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் அது ஓடாது. சமையலறை அலுமினியத் தாளை ஷீட்டின்மேல் நன்றாக அழுத்தி விரித்து, அதில் ஒரு கவ்வியை மாட்டினால் அளந்துவிடலாம். அளந்தபின் தாளை எடுத்துவிட்டு வெட்டலாம்.

நடுச்சாம்பல் என்னும் பொறி

இந்தப் பகுதியை எவரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் வெளுத்துப்போன முகங்களுக்குப் பாதிக் காரணம் இதுதான். கணினிப் படத்தில் 0 கறுப்பு, 255 வெள்ளை. நடுவில் உள்ள 128 பாதி வெளிச்சம் என்று நினைப்போம். உண்மையில் திரை அதற்குக் கொடுப்பது முழு வெள்ளையின் ஏறத்தாழ 22% வெளிச்சம்தான். கண்ணுக்கு அது பாதியாகத் தோன்றும்படி எண்கள் வளைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

இப்போது கறுப்புப் பலகையில் வெள்ளை வெட்டு. மென்பொருள் 128-க்குப் பாதி விட்டம் என்று எடுத்துக்கொண்டால் புள்ளியின் பரப்பு 19.6%. எதிர்பார்த்த 22-க்கு மிக அருகில்! அதாவது எந்தத் திருத்தமும் செய்யாத புள்ளிமுறை, தற்செயலாகவே கிட்டத்தட்ட சரியான சாம்பலைக் கொடுத்துவிடுகிறது. அதே மென்பொருள் கோட்டுக்குப் பாதி அகலம் என்று எடுத்தால் நிறைவு 50%. வேண்டியதைவிட இருமடங்குக்கும் மேல் வெளிச்சம். கன்னத்து நிழலெல்லாம் கரைந்து முகம் மாவு பூசியது மாதிரி ஆகும். கோட்டுமுறைக்குப் போகும் முன் படத்தின் நடுத்தொனியைப் படத்திருத்த மென்பொருளின் வளைவுக் கருவியில் (கர்வ்ஸ்) நன்றாக இறக்கிவிட வேண்டும்: 128 இருக்கும் இடம் ஏறத்தாழ 56-க்கு வரும்படி. திரையில் பார்த்தால் படம் பயங்கரமாக இருண்டிருக்கும். பரவாயில்லை.

வெள்ளைப் பரப்பில் கறுப்பு தெரிய வெட்டுவது என்றால் கணக்கே வேறு. நடுச்சாம்பலுக்கு 22% வெளிச்சம் என்றால் 78% கறுப்பு வேண்டும். சதுர அடுக்கில் புள்ளிகள் தொட்டுக்கொள்வதே 78.5 சதவீதத்தில்தான். நடுச்சாம்பலிலேயே புள்ளி தீர்ந்துவிட்டது. தலைமுடிக்கும் கண்மணிக்கும் இடமில்லை. படத்தை வெளுக்க வைத்து ஓரளவு சமாளிக்கலாம்தான், ஆனால் புள்ளிமுறைக்குக் கறுப்புமேல் வெள்ளைதான் இயல்பு என்பது என் கட்சி. கோட்டுமுறை இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

லேசர்

3018-இல் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நீல டயோடு லேசரை மாட்டிக்கொள்ளலாம். இசட் அச்சுப் பிரச்சினை மொத்தமும் போயிற்று. பலகை அரை மி.மீ. வளைந்திருந்தாலும் குவியம் பெரிதாகக் கெடாது. 0.1 மி.மீ. அளவில் எரிக்கலாம் என்பதால் செய்தித்தாள் நுணுக்கம் கைக்கு எட்டும். லைட்பர்ன் மென்பொருளில் ஹாஃப்டோன், நியூஸ்பிரின்ட் என்ற தேர்வுகளே தனியாக உண்டு.

லேசர் என்றாலே வேகம் என்ற எண்ணம் மட்டும் தவறு. 0.1 மி.மீ. இடைவெளியில் 180 மி.மீ. சதுரத்தை வரித்தால் 1,800 வரி, 324 மீட்டர் ஓட்டம். திருகுத்தண்டு இயந்திரத்தில் நிமிடத்துக்கு 1,500 மி.மீ. என்றால் 216 நிமிடம், மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். மூன்று முறையிலும் இதுதான் மெதுவானது. பெல்ட்டில் ஓடும் தனி லேசர் இயந்திரங்கள் இதை எளிதாக முந்தும். கழற்றி மாட்டிய லேசருக்கு அந்தக் கால்கள் கிடையாது. ஜிஆர்பிஎல்-இல் லேசர் மோடை இயக்கி எம்4 கட்டளையைப் பயன்படுத்தினால், வேகம் குறையும் இடங்களில் சக்தியும் குறைந்து, வரிகளின் முனைகள் கருகாமல் இருக்கும்.

பொருள் விஷயத்தில் விளையாடக் கூடாது. பிவிசி ஃபோம் ஷீட், வினைல் ஸ்டிக்கர் எதையும் லேசரில் எரிக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் துரு. ஏபிஎஸ் எரிந்தால் வரும் புகையும் நச்சு. நிறமில்லாத அக்ரிலிக்கில் நீல ஒளி ஊடுருவிப் போய்விடும், ஒன்றும் விழாது. மிஞ்சுவது மரம், பிளைவுட், அட்டை, தோல், வண்ணம் பூசிய பரப்பு. லேசரின் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி இல்லாமல் அருகில் நிற்க வேண்டாம்; அறைக்குள் வரும் குழந்தைக்கும் பூனைக்கும் கண்ணாடி கிடையாது என்பதால் பெட்டி போட்டு மூடிவிடுவதே மேல்.

ஓட்டை போட்டால்?

தகட்டில் பல அளவில் துளையிட்டு, பின்னால் விளக்கு வைக்கும் முறையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஹெர்சாக் – டி மியூரோன் வடிவமைத்து 2005-இல் திறக்கப்பட்ட டி யங் அருங்காட்சியகத்தின் செப்புச் சுவர் இந்த வகை. மரக்கிளைகளின் புகைப்படத்தைத் துளைகளாகவும் குழிவுகளாகவும் மாற்றிப் போர்த்தியிருக்கிறார்கள். வீட்டு இயந்திரத்துக்கு இதில் இரண்டு வழி. ஐந்தாறு அளவு டிரில் பிட்டுகளை மாற்றி மாற்றிப் போடுவது. அப்போது ஐந்தாறு சாம்பல்தான் கிடைக்கும். அல்லது பக்கவாட்டிலும் வெட்டும் எண்ட்மில் என்னும் ஒரே மெல்லிய பிட்டால் ஒவ்வொரு துளையையும் வட்டமடித்து வெட்டுவது. எந்த அளவும் வரும், ஆனால் 8,100 துளைக்கு ஒரு வாரயிறுதி போதாது. 5 மி.மீ. இடைவெளிக்கு மேல், பெரிய பலகைக்கு மட்டும் யோசிக்கலாம்.

எதில் வெட்டுவது, எதை வைத்து வெட்டுவது

எனக்குப் பிடித்தது 5 மி.மீ. வெள்ளை காஸ்ட் அக்ரிலிக்கில் மேட் கறுப்பு ஸ்ப்ரே. மேல்தோல் பெயின்ட் அளவுக்கே மெல்லியது என்பதால் மிகச் சிறிய வெட்டும் உடனே வெள்ளையாகத் தெரியும். இருநிற ஷீட்டில் மேல்தோலுக்கே ஒரு தடிமன் இருக்கும். அதைத் தாண்டாத வெட்டு வெறும் கீறலாகத்தான் நிற்கும். அக்ரிலிக் வாங்கும்போது காஸ்ட் (வார்த்து எடுத்தது) என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் (பிதுக்கி எடுத்த) வகை பிட்டில் உருகி ஒட்டும். புள்ளிமுறையில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் பிட்டின் நுனி நடுவில் வெட்டாமல் தேய்க்க மட்டும்தான் செய்கிறது. அடியில் ஒரு கணம்கூட நிற்கவிடாமல் உடனே எழுப்ப வேண்டும்.

கறுப்பு பூசிய எம்டிஎஃப் மலிவு; வெட்டு பழுப்பாக வரும், பழைய படத்தின் சாயலில் அதுவும் அழகுதான். பஞ்சு போலப் பிசிறு எழாமலிருக்க, பெயின்டுக்கு முன் சீலர் அடித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஏசிபி ஷீட்டில் ஆசைப்பட்டு இறங்க வேண்டாம்: மேலே நிறம், அடுத்து பளபளக்கும் அலுமினியம், அதன்கீழ் கறுப்பு பிளாஸ்டிக். சிறிய புள்ளி மின்னும், பெரிய புள்ளி கறுக்கும், சாம்பலின் வரிசையே குழம்பிவிடும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஹாஃப்டோனர் என்ற இலவச விண்டோஸ் நிரல் புள்ளி, கோடு இரண்டுக்கும் நேரடியாக ஜி-கோடு தரும். பிசிஎன்சிக்குள்ளேயே ஹாஃப்டோன் கருவி இருக்கிறது. வெக்ட்ரிக்கின் போட்டோவிகார்வ் காசு கொடுத்து வாங்குவது, கோட்டுமுறைக்கு வசதியானது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான். கட்டத்தின் சராசரிச் சாம்பலை எடு, அதிலிருந்து பரப்பு, பரப்பிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்து ஆழம், ஒரு ஜி1 (நகர்வுக் கட்டளை) வரி. நாற்பது வரிக்குள் முடியும். நடுச்சாம்பல் திருத்தத்தையும் தேன்கூட்டு அடுக்கையும் அப்போது எவரிடமும் கேட்க வேண்டாம்.

முழுப்படத்துக்கு முன் அதே பொருளின் துண்டில் ஒரு சோதனை வெட்டு போட்டுவிடுங்கள். 20 மி.மீ. கட்டங்கள் பத்து, 10 சதவீதத்திலிருந்து 90 வரை ஒன்பது, கடைசியில் நூறு. அதோடு 50% கட்டம் ஒன்றை வேலைப்பரப்பின் நான்கு மூலையிலும் வெட்டிப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் இருந்தால் 90° பிட்டும் மெல்லிய ஷீட்டும் போதும், வேலை சீக்கிரம் முடியும். ஒரு மூலை மட்டும் வெளுத்திருந்தால் 60° பிட், தடித்த பலகை, கோட்டுமுறை. இரண்டு மூலைக்கு மேல் மாறியிருந்தால் புகைப்படத்தை ஓரமாக வைத்துவிட்டு அடிப்பலகையை மறுபடி இழையுங்கள்.